நாகரத்தினம் அண்ணன் வேகமாகப் போகவில்லை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பட்டுக்கோட்டை நாகரத்தினம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்தன. ஏழாவதோ எட்டாவதோ ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "ஆழ்ந்த இரங்கல். அண்ணன் வண்டியின் கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருந்ததாக நினைவு. குடும்பத்தார் கொடுப்பார்களா?" எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வரி திட்டி எழுதிவிட்டு அழித்தேன். அவரைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

குழுவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த நான்கு கதவு ஸ்போர்ட்ஸ் செடான் கார்தான் எங்கள் எல்லோருடைய பைத்தியமும். டெல்டாவில் அப்படி ஓடுகிற வண்டி மொத்தம் இரண்டுதான். தஞ்சாவூரில் என்னுடையது ஒன்று, பட்டுக்கோட்டையில் அண்ணனுடையது ஒன்று. செய்த கம்பெனியே மறந்துபோன பாகங்களை நாங்கள் தேடிக்கொண்டிருப்போம். யாரிடம் கதவு ரப்பர் இருக்கிறது, எந்த ஊர் ஷெட்டில் கார்புரேட்டர் தூங்குகிறது என்பதுதான் குழுவில் காலை முதல் மாலை வரை பேச்சு.

அண்ணனுக்குத் தேங்காய் வியாபாரம். லோடு அனுப்புகிற ஊரிலெல்லாம் பாகம் தேடுவார். "கிடைக்கலைன்னு சொல்றது பதில் இல்ல சார். யார்கிட்ட இருக்குங்கிறதுதான் கேள்வி" என்பார். என் வண்டிக்கு ஒரு ஹெட்லைட் வளையம் வேண்டியிருந்தது. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் அதை முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாக மாட்டியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அண்ணன் மூன்று தடவை போய் மூன்று தடவையும் காபி குடித்து, கடைசியில் ஓர் ஆளுயரக் கண்ணாடியைச் சுமந்துபோய்க் கொடுத்து வளையத்தைக் கழற்றி வந்தார்.

அவர் வைத்த பழக்கம் ஒன்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். பிரேக்கில் கை வைத்த வண்டியில் முதலில் ஆள் ஏறக்கூடாது. ஆட்கள் உட்காரும் இடத்தில் நெல் மூட்டைகளை ஏற்றி, ஓட்டுபவர் மட்டும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரவேண்டும். "மூட்டை முதல்ல, மனுஷன் அப்புறம்" என்பார். நாங்கள் சிரிப்போம், ஆனால் செய்வோம்.

ஏழு வருடத்துக்கு முன் என் மகள் கயலுக்குக் கல்யாணம். பாபநாசத்தில் மண்டபம். பெண் என் காரில்தான் வந்து இறங்குவாள் என்று உறவுக்காரர்களிடமெல்லாம் ஆறு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு பிரேக் ஒழுகியது. அண்ணன் இங்கிலாந்தில் யாரையோ பிடித்து ரப்பர் சீல்கள் வரவழைத்தார். மெக்கானிக் மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் முன்பு பார்த்தால் பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தது. வீட்டில் கல்யாண அமளி. ஷெட்டில் டிராக்டர் பவர் ஸ்டியரிங்குக்கு வைத்திருந்த ஆயில் கண்ணில் பட்டது. எடுத்து ஊற்றினேன். இந்த வண்டியின் ரப்பருக்கு அந்த ஆயில் விஷம். பட்டால் ஊறி உப்பிப்போகும். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு அதை எச்சரித்து எழுதியவனே நான்தான். முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் வேறு. ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. கொஞ்சம்தானே, ஒரு நாள் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மூட்டை ஓட்டம் ஆச்சா சார்?"

"புதுசா சீட்டுத் தைச்சிருக்கேன். இதுல போய் மூட்டைய ஏத்தச் சொல்றீங்களே?"

"பாப்பா உட்காரப் போற வண்டி சார். காலைல நான் ஓட்டிட்டு வந்துடறேன். ஆயில் யார் ஊத்துனது?"

"மெக்கானிக்தான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

விடியற்காலை நாலரை மணிக்குச் சீட்டின் மேல் தன் பழைய வேட்டியை விரித்து, நாலு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆறு மணிக்குள் வந்திருக்க வேண்டும். ஆறேகால் ஆயிற்று. போன் எடுக்கவில்லை. ஆறரைக்கு அலங்காரத்தோடு கயல் வாசலுக்கு வந்து, "கார் எங்கப்பா?" என்றாள். ஷெட்டில் அந்த ஆயில் டப்பா மூடி திறந்தபடியே கிடந்தது. அவளைப் பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியவர் பால்காரர். "இந்தக் கார்க்காரரு உங்க ஆளுங்களா? வாய்க்கால்ல கெடக்குங்க. உசுரு இருக்கு, சீக்கிரம் வாங்க."

எதிரே அறுவடை இயந்திரம் ஏற்றிய லாரி வந்திருக்கிறது. அழுத்திய பெடல் அடிவரை போய்விட்டது. அவர் வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார். நான் போனபோது கரையில் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தேன். பின்சீட்டு மூட்டைகள் முன்னால் பாய்ந்து கிழிந்து, முன்கண்ணாடி உடைந்து, எங்கும் நெல். கயல் உட்காரவேண்டிய இடத்தில் இருந்த மூட்டையைக் காணோம். அது கண்ணாடி வழியாக வெளியே போய்த் தண்ணீரில் கிடந்தது.

அண்ணன் மெதுவாக எழுந்து வந்து பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவில் விரலை விட்டு மோந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு அந்த டப்பாவைக் கழற்றி, ஆயில் முழுவதையும் சேற்றில் கொட்டிவிட்டார்.

"கல்யாண வீடு சார். நான் வேகமா போயிட்டேன்னே இருக்கட்டும். ஆற அமர நீங்களே குரூப்புல சொல்லிடுங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன், முடிந்தது. பேரன் பிறந்தான், அவன் பள்ளிக்கூடமும் போய்விட்டான். குழுவில் அவருக்கு 'வாய்க்கால் அண்ணன்' என்று பெயர் விழுந்தது. 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்று ஒருவர் எழுத, இருபது பேர் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அதன்பின் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்க யாரும் அவரிடம் சாவி கொடுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் ஒரு தடவைகூட எனக்கு ஞாபகப்படுத்தியதில்லை. பார்க்கும்போதெல்லாம் "பாப்பா சௌக்கியமா சார்?" என்று மட்டும் கேட்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பட்டுக்கோட்டை போனேன். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி மல்லிகா அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு நெசமாவே வேகமாத்தான் போனாரா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயில், பொய், சேறு, சிரிப்புப் பொம்மை, ஒன்று விடவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னையிலேர்ந்து நான் அவரு வண்டில ஏறவே இல்ல சார்" என்றார். "ஒரே விசேஷத்துக்கு அவரு கார்ல போவாரு, நான் பஸ்ஸுல போவேன். மெதுவாத்தான் போவேன், ஏறு மல்லிகான்னு ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாரு. போய்யா, உன்ன நம்பி எவ ஏறுவான்னு சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துடுவேன்."

என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

நண்பர்களே, நாகரத்தினம் அண்ணன் அன்று நாற்பதைத் தாண்டவில்லை. பிரேக்கைக் கெடுத்தவன் நான். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, நானாகச் சொல்லட்டும் என்று அவர் கொடுத்த ஏழு வருட அவகாசம். அவர் காதில் விழும்படி சொல்ல அதில் ஒரு நாள் போதுமாயிருந்தது.