தகரத்தைக் கிழித்த கல்

1. திங்கட்கிழமை

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் இருபத்தாறு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தேன். அதில் நான் ரொம்பவும் பெருமைப்பட்ட பாடமும் ரொம்பவும் வெட்கப்பட்ட பாடமும் ஒன்றுதான். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்காக அதை எழுதுகிறேன்.

அன்று நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் அடைமழையில், தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்தில் தர்ஷிகா வீட்டுக் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு ஒரு கல் விழுந்ததாம். வீட்டில் ஆள் இல்லாததால் யாருக்கும் அடி இல்லை. தர்ஷிகா என் வகுப்புப் பிள்ளை. அது வானத்திலிருந்து வந்த கல் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவளே நான்தான். முந்தின வாரம்தான் சிறுகோள், வால்வெள்ளி, விண்கல் என்று மூன்று பாடவேளை நடத்தியிருந்தேன். ரப்பர் பால் உறையவைக்கும் பழைய தட்டு ஒன்றில் அடுப்புச் சாம்பலைக் கொட்டி, கூழாங்கல் போட்டுப் பள்ளம் விழுவதைக் காட்டினேன். மலையளவு கல் விழுந்து டைனோசர்கள் அழிந்த கதையைச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட வெளியே பார்க்கவில்லை. சின்னக் கல் என்றால் காற்று அதன் வேகத்தைக் குறைத்துவிடும், கடைசியில் நேராகக் கீழே விழும் என்றேன். விண்கல்லுக்கு மேலே கருகின தோல் இருக்கும், பாரமாக இருக்கும், காந்தம் ஒட்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

2. கற்பூரம்

இன்டர்வெலுக்குப் பாடசாலை அதிபரிடம் சொல்லிவிட்டு மேல் லயத்துக்கு ஏறினேன். வரிசையாக ஐந்து காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று; அவற்றின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக ரப்பர் மலை.

தர்ஷிகாவின் அம்மா ராணி, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. அவர் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, ஸ்டூலில் வைத்துக் கற்பூரம் கொளுத்தியிருந்தார். பக்கத்துக் காம்பரா வேதக்காரக் கிறிஸ்தவர்களும் நமக்கெதற்கு வம்பென்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். இரண்டு நாள் எண்ணெயும் புகையும் பட்டு அந்தக் கல் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தப் புகையைத்தான் நான் கருகின தோல் என்று நம்பினேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், லேசாக இழுத்தது. எங்கள் மலைக் கல் சிலதும் அப்படி இழுக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. சந்தோஷத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

கூடி நின்றவர்களிடம் இது விண்கல்தான் என்று அறிவித்தேன். ராணி ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப இங்க படுக்கலாங்களா டீச்சர்? புள்ளைங்கள வச்சிக்கிட்டு பயமா இருக்குங்க."

"ஒரே எடத்துல மறுபடி விழாது ராணி. தைரியமா படுங்க."

என் சர்வீசில் நான் சொன்னதிலேயே மோசமான வாக்கியம் அது.

3. புதன்கிழமை

கல்லைப் பரிசோதிக்கச் சொல்லிக் கொழும்புக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதி, அதை வகுப்பில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தர்ஷிகா எழுந்து நின்றாள். கையில் கொப்பியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், சின்னக் கல்லு நேரா விழும்னு சொன்னீங்க. எங்க தகரம் மலைப் பக்கத்துலருந்து சாய்வா கிழிஞ்சிருக்கு. அம்மா கழுவ முந்தி கல்லு பூரா செம்மண்ணு."

அப்படியென்றால் கல் வந்தது வானத்திலிருந்து இல்லை, மலையிலிருந்து. கடிதத்தை மேசையில் போட்டுவிட்டு அவளோடு மேலே ஏறினேன். லயத்துக்குப் பின்னால் புல்லை விலக்கினால், முழங்கை வரை கை போகிற அளவுக்கு நிலத்தில் வெடிப்பு.

தோட்டத்து வேலைகளைப் பார்க்கும் பீல்ட் ஆபீசரைத் தேடிப் போனேன். நல்ல மனிதர், ஆனால் மழைக்காலத்தில் மண் வெடிக்கத்தான் செய்யும் என்றார். போன வருஷமும் யாரோ இப்படி வந்து சொன்னார்களாம். சிங்களத்தில் நான் எவ்வளவு விளக்கியும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. அப்போது பால் நிறுக்க வந்து நின்ற ராணி குறுக்கே பேசினார்.

"மாத்தயா, மேல் வரிசை மரத்துல ஒரு கிழமையா பால் செரட்டைக்குள்ள விழல, வெளிய சொட்டுது. கங்காணி என்னய ஏசுறாரு. நான் ஒழுங்காத்தான் வெட்டுறேன். மரம் சாயுதுங்க."

ஆபீசர் எழுந்துவிட்டார். வெட்டுக் காயத்திலிருந்து வழிகிற பால் கீழே கட்டின சிரட்டையைத் தவறுகிறதென்றால், ஒன்று வெட்டினவள் பிழை, இல்லை மரம் அசைந்திருக்கிறது. ராணி வெட்டில் யாரும் அதுவரை பிழை கண்டதில்லை. மேலே போய் மரங்களைப் பார்த்தவர் அங்கிருந்தே கிராம சேவகருக்குப் போன் போட்டார். இருட்டுவதற்குள் ஐந்து குடும்பமும் பாய், சட்டி பானையோடு எங்கள் பாடசாலை மண்டபத்துக்கு இறங்கிவிட்டார்கள்.

அவர்கள் இறங்கி ஆறாம் நாள் காலை மலை சரிந்தது. மூன்று காம்பரா மண்ணுக்குள் போனது. நான்கு கோழி போனது, என் விண்கல்லும் போனது. ஆட்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் மண்டபத்து மூலையில் உட்கார்ந்து அழுதேன்; ராணி வந்து எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்.

4. பிழை

அன்று தர்ஷிகாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், திங்கட்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க டீச்சர்."

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அவள் இரண்டு இரவு அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும் வரை, "நான் சொன்னதுல எங்க பிழை?" என்று கேட்காமல் ஒரு பாடத்தையும் முடித்ததில்லை. முதல் மாதம் ஒரு கையும் உயரவில்லை. நானும் விடவில்லை.

இப்போது அந்த வகுப்பை எடுக்கும் இளம் ஆசிரியர் போன வாரம் போனில் முறையிட்டார். பிள்ளைகள் கேள்வி கேட்டே பாடத்தை நகரவிடுவதில்லையாம், சிலபஸ் முடியாதாம். மெதுவாக முடியுங்கள் தம்பி, ஒன்றும் அவசரமில்லை என்றேன்.