ராகு காலத்தில் ஓடாத பில்டு

கோகிலவாணியை மூன்று நிறுவனங்கள் வேண்டாம் என்றிருந்தன. மூன்றிலும் எழுத்துத் தேர்வில் தேறியவள்தான். மூன்றிலும் கடைசியாக ஒரே கேள்விதான் வந்தது: வீடு எங்கே? மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றாள். "ஓ, தாராவியா?" என்றவர்கள், தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். திறமைக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் பின்கோடைப் பார்த்து அதை அடித்துவிடுகிற இந்த வித்தையை எங்கே கற்றுக்கொண்டு வருகிறார்களோ தெரியவில்லை. இந்த ஊரின் பைகளையும் பெல்ட்டுகளையும் தைத்துத் தருகிற தெருக்காரர்கள், அந்தப் பை தொங்குகிற அலுவலகத்துக்குள் மட்டும் வரக் கூடாது.

நான்காவதாக அவள் விண்ணப்பித்த இடம் முகவரி கேட்கவில்லை. தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரு செயலி அது. யாருடைய சொத்தும் இல்லை. அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் பார்க்கலாம், பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். ஆறு மாதச் சம்பள வேலைக்கு ஓர் ஆள் எடுத்தார்கள். ஒதுக்கிய பிழையை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் திருத்தி, திருத்தம் ஓடுவதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அவளுக்கு வந்த பிழை சின்னதாகத் தெரியும், ஆனால் ஆபத்தானது. வாக்கியம் நீண்டுவிட்டால் செயலி கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்" என்று எழுதியிருந்தால் "சாப்பிட" என்பதோடு நின்றுவிடும். தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாத பாதிக் கேம்ப்புக்கு அந்த விழுங்கல் என்ன செய்யும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய மடிக்கணினி கைமாறிக் கைமாறி வந்தது. நிரல் எழுத ஆகும். எழுதியதை ஓடுகிற செயலியாக மாற்றும் வேலைக்கு, அதாவது பில்டுக்கு, ஆகாது. அதற்குக் கேம்ப்புப் படிப்பகத்துக் கணினிதான். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற வானமாமலை அண்ணாச்சி, கேம்ப்புப் பிள்ளைகளின் உதவித்தொகைப் படிவங்களை அதில்தான் நிரப்பித் தருவார். அவர் ஓய்கிற நேரம் அவளுடையது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியில் திருத்துவாள், பென்டிரைவில் ஏற்றி அங்கே கொண்டுபோவாள், பில்டு போடுவாள்.

செவ்வாய்க்கிழமை தொடங்கியது தலைவலி. திருத்துவாள், பில்டு போடுவாள், தவறு ஏதும் இல்லை என்று கணினி சொல்லும். செயலியைப் பேசவிட்டால் பழையபடியே பேசும். கோப்பைத் திறந்து பார்த்தால் திருத்தம் அங்கேயே இருக்கும். சில சமயம் மட்டும், காரணமே இல்லாமல், திருத்தம் ஏறிவிடும்.

செம்பூரிலிருந்து அந்தச் செயலிக்காக வேலை செய்கிற ஜாபெஸிடம் எழுதிக் கேட்டாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பில்டு போடச் சொன்னார். அதற்கு மூன்று மணி நேரம். வியாழக்கிழமை போட்டாள். ஓடியது. அடுத்த திருத்தம் மறுபடி காணாமல் போனது.

"மிசின்ல குத்தமில்ல, நேரத்துலதான் குத்தம்" என்றான் செல்லப்பாண்டி. பக்கத்துப் பைப் பட்டறையில் தைக்கிறவன். ஃபோனுக்குச் சார்ஜ் போடுகிற சாக்கில் படிப்பகத்திலேயே குடியிருப்பவன். "நேத்து ரெண்டு மணிக்குப் போட்ட, ஓடல. மூணுக்கு மேல ஓடிச்சு. வியாழக்கிழமை ஒண்ணரை டு மூணு என்னது? சொல்லு பாப்போம்."

"என்னது?"

"ராகு காலம்."

"அப்போ புதன்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஏன்ணே ஓடல?"

"அது எமகண்டமா இருக்கும்."

"நல்லா வெச்சிருக்கீங்க. ஒண்ணு இல்லன்னா இன்னொண்ணு."

"சிரி, சிரி. இன்னிக்கு வெள்ளி. பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் அதத் தொடாத. சொல்லிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஆனால் கோபம் விடையாகாது. செல்லப்பாண்டி சொல்வது பொய் என்றால் அதையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். செவ்வாயிலிருந்து ஒவ்வொரு முறையும் எப்போது திருத்தினாள், எப்போது பில்டு போட்டாள், என்ன ஆயிற்று என்று ஃபோனில் மணி பார்த்து நோட்டில் எழுதி வந்திருந்தாள். பத்தொன்பது வரிகள். மேலும் கீழும் படித்தாள். ஓடிய முறைகளுக்கெல்லாம் முன்னால் டீயோ, சாப்பாடோ, அண்ணாச்சியின் படிவமோ ஓர் இடைவெளி இருந்தது.

கடைசிப் பில்டு பத்து இருபதுக்கு. பதினொரு மணிவரை எதையும் தொடாமல் இருந்தாள். பிறகு, செயலி தொடங்கும்போது சொல்கிற வணக்கத்தை மட்டும் மாற்றிப் பில்டு போட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"செல்லப்பாண்டி அண்ணனுக்கு வணக்கம்."

ஊசியும் கையுமாக நின்றவன் திரும்பிப் பார்த்தான். "ஏ, என்னைய எதுக்கு இழுக்க?"

"மணி என்னண்ணே?"

"பதினொண்ணு சொச்சம்."

"ராகு காலத்துல ஓடிருச்சு."

பன்னிரண்டு பத்துக்கு, ராகு காலம் போனபின், மறுபடி மாற்றினாள். "டீ வாங்கித் தாங்க" என்றது செயலி. ஆறு நிமிடம் கழித்து அதையே "ரெண்டு டீ வாங்கித் தாங்க" என்று மாற்றிப் பில்டு போட்டாள். செயலி பிடிவாதமாக ஒரே டீயைக் கேட்டது.

"நல்ல நேரத்துல ஓடல, பாத்துக்கிடுங்க" என்றாள்.

செல்லப்பாண்டி காதைச் சொறிந்தான். "சரி, ராகு இல்ல. வேற யாரு?"

அதுதான் தெரியவில்லை. நோட்டின்படி, போன பில்டு முடிந்து இருபது நிமிடம் கழித்துத் திருத்தியது ஏறவில்லை, முப்பது நிமிடம் கழித்துத் திருத்தியது ஏறியது. நடுவில் என்ன?

அந்த நேரம் கேம்ப்புக்காரி சண்முகவடிவு, படிவம் நிரப்ப, தன் மகளுடைய சான்றிதழோடு வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, மணி எத்தன? புள்ளைய ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும், ஜல்தி சொல்லுங்க."

வானமாமலை சுவரைப் பார்த்தார். "ஒண்ணு அஞ்சு காட்டுது. அப்போ பன்னெண்டு நாப்பது."

கோகிலவாணியின் பேனா நின்றது.

இருபத்தைந்து. கேம்ப்பில் சரியான நேரம் காட்டுகிற சுவர்க் கடிகாரமே கிடையாது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் தவறக் கூடாது, ரயில் தவறக் கூடாது என்று வீட்டுக்கு வீடு முள்ளைத் தள்ளி வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். கழிக்கிறோம் என்பதே மறந்துபோகிற அளவுக்குப் பழக்கம். அவளும் பிறந்ததிலிருந்து கழித்து வந்தவள்தான்.

கணினித் திரையின் மூலையைப் பார்த்தாள். ஒன்று ஐந்து.

"அண்ணாச்சி, இதையும் நீங்கதான் தள்ளி வெச்சீங்களா?"

"பின்ன? அஞ்சு மணிக்கு மூடுத படிவத்துக்கு, நாலு அம்பதுக்கு வந்து ஆதார் நகலத் தேடி வீட்டுக்கு ஓடுதாங்க. மணிய முன்னால காட்டுனா முன்னால வருவாங்கன்னு பண்ணேன். அதுல என்ன தப்பு?"

தப்பு அவருடைய நல்ல மனசில் இல்லை. பில்டு போடுகிற கருவி எல்லாக் கோப்பையும் ஒவ்வொரு முறையும் மாற்றாது. போன பில்டுக்குப் பிறகு திருத்தப்பட்ட கோப்பை மட்டும் எடுக்கும், அதையும் நேரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். படிப்பகத்துக் கணினி பில்டு மீது இருபத்தைந்து நிமிடம் முந்திய நேரத்தைக் குத்திவிடுகிறது. பென்டிரைவில் வந்தாலும், அவள் திருத்திய கோப்பில் மடிக்கணினியின் சரியான நேரம்தான் இருக்கிறது. அதனால் புதுத் திருத்தம் கருவியின் கண்ணுக்குப் பழையதாகப் படுகிறது, தொடாமல் தள்ளிவிடுகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் அந்த இருபத்தைந்து நிமிடம் தீர்ந்துபோகும், ஓடும்.

இதை இரண்டு டீ கிளாஸை வைத்து அவள் விளக்கியபோது செல்லப்பாண்டி, "அப்போ கெரகம் அண்ணாச்சிதான்" என்றான்.

"வாய மூடுல" என்றார் வானமாமலை.

"சுவத்துக் கடியாரம் அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி, நமக்குக் கழிக்கத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதுகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருவோம்."

நேரத்தைச் சரிசெய்தாள். தப்பான நேரம் குத்திய பழையதையெல்லாம் அழித்து, முதலிலிருந்து பில்டு போட்டே ஆக வேண்டும். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தொடங்கினாள். நடுவில் ஒரு படிவம் திறந்தாலும் கணினி திணறும். வானமாமலை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் மறுநாள் வரச் சொன்னார். "உள்ள ஒரு புள்ள பரிச்ச எழுதுது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

நான்கு மணிக்கு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தமும் போட்ட உடனே ஏறியது. முதல் இரண்டு முயற்சி தவறு; ஆனால் தவறு என்று உடனே தெரிந்தது, நான்கு நாட்களாகக் கிடைக்காத சுகம் அது. ஐந்து பத்துக்கு ஒலிபெருக்கி தெளிவாகச் சொன்னது: "இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம்." இன்னும் முப்பது நீண்ட வாக்கியங்களைப் படிக்கவிட்டு, ஒன்றுகூட விழுங்காததை உறுதிசெய்துகொண்டு, ஐந்து முப்பத்தைந்துக்கு அனுப்பினாள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஜாபெஸின் பதில் வந்தது. "ஏத்துக்கிட்டோம். திங்கட்கிழமை வேலையில சேருங்க. நாலு நாளா பில்டு ஏன் ஓடலைன்னும் எழுதி அனுப்புங்க. ரெண்டு கம்ப்யூட்டர் வெச்சு வேலை பாக்குறவங்க எல்லாருக்கும் இது வரும். புதுசா வர்றவங்க படிக்கிற பக்கத்துல சேக்கணும்."

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை சத்தமாக வாசித்தாள். செல்லப்பாண்டி ஊசியைச் சட்டையில் குத்திவிட்டுக் கை தட்டினான். வானமாமலை எழுந்து பின்னால் வந்து நின்று, தனக்குப் புரியாத நிரல் வரிகள் ஓடும் திரையைக் குனிந்து பார்த்தார்.

"உலகம் பூரா படிப்பானுவளா அத?"

"படிப்பாங்க அண்ணாச்சி."

"என் பேரப் போட்டுராத ஏட்டி."

"போடல. படிப்பகம்னு போடுதேன்."

அவர் நிமிர்ந்தார். "லேபர் கேம்ப் படிப்பகம்னே போடு" என்றார்.