லேசரக்காவும் கறுப்பியின் முன்னங்காலும்

லாயத்தில் எல்லோருக்கும் அவள் லேசரக்கா. பத்தொன்பது வருடம் மனிதர்களின் முட்டிக்கும் முதுகுக்கும் சிகிச்சை கொடுத்து அலுத்துப்போனவள். அக்காள் புருஷன் குதிரைப் பயிற்சியாளர். "மனுஷங்க புலம்பல் கேட்டது போதும், இங்க வந்துடு" என்று அவர்தான் இழுத்து வந்தார். பெரிய உபகாரம் பண்ணிவிட்டதாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார், கருமம்!

கறுப்பி தடை தாண்டும் குதிரை. இடது முன்னங்காலின் பின்புறத்துத் தசைநார் கிழிந்திருந்தது. லேசரக்கா தினமும் காலையில் சேற்றைக் கழுவி, ஈரம் துடைத்து, மயிர் மழித்த இடத்தில் புண்ணை ஆற்றி வலியைத் தணிக்கும் லேசர் ஒளியைப் பிடிப்பாள். கறுப்புத் தோல் சீக்கிரம் சூடேறிவிடும். அதனால் பன்னிரண்டு நிமிடமும் கையை ஓயாமல் நகர்த்த வேண்டும். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெட்டித் தரையில் மெதுநடை. முதல் வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து. யாரும் ஏறவே கூடாது என்று கால்நடை டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். கால் ஆறாவிட்டால் கறுப்பி ஆயுசுக்கும் நொண்டிதான்.

மூன்று மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. நம் கையில்தான் கோளாறோ என்று லேசரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மிஷினைக் கொண்டுபோய்ச் சோதித்தும் பார்த்தாள். ஒரு பழுதும் இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து கிளம்பியவள், மறந்துவிட்ட பாதுகாப்புக் கண்ணாடியை எடுக்க ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கறுப்பியின் முதுகில் சேணம் அழுத்திய தடம், சுற்றிலும் வேர்வை நுரை. பக்கத்தில் அத்தான் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறினீங்களா அத்தான்?"

"தினமும்தான்! உன் கைராசிம்மா. நீ லேசர் வச்சா ரெண்டு மணி நேரத்துக்கு அதுக்கு வலியே தெரியல. அந்தக் கேப்புல நாலு தடை தாண்ட வச்சிடுறேன். அடுத்த மாசம் போட்டி இருக்குல்ல?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். இந்த ஆள் ஏறி மிதிக்கவா நாம் வலியைத் தணித்தோம்? தூ, என்ன பிழைப்பு! ஆற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, தினம் தினம் கிழிக்க வழி செய்து கொடுத்தது அவள் கைதான். குழாயடியில் அந்தக் கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். அருவருப்பு போகவில்லை. அங்கே நின்றபடியே டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் ஸ்கேன் கருவியோடு வந்து பார்த்தார். கிழிசல் இரண்டு மடங்காகியிருந்தது. "தாண்டுறதெல்லாம் இனி கனவுலகூட வேண்டாம். ஒழுங்கா நடக்கணும்னாலே முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்" என்று கடுகடுத்துவிட்டுப் போனார்.

அத்தான் முகத்தில் வெட்கமாவது, மண்ணாவது! "வெளி ஆள்கிட்ட சொல்லி என் மானத்தை வாங்கிட்டியே. சரி, விடு. நாளைக்கே லேசரை ஆரம்பிச்சிடு. டாக்டர் அப்படித்தான் சொல்வார், ஆறே வாரத்துல ஏறிடலாம்."

லேசரக்கா ஒயரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"ஆரம்பிக்க மாட்டேன் அத்தான். அதுக்கு வலிக்கட்டும். வலிச்சாதான் உங்களை ஏற விடாது."

வாசலுக்குப் போகும் வழியில் பெட்டியோடு அவள் வருவதைப் பார்த்ததும் கறுப்பி வழக்கம்போல இடது காலை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. நின்றால் பெட்டியைத் திறந்துவிடுவோம் என்று பயந்து அவள் நடையை எட்டிப் போட்டாள்.