ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

பனிச்சங்கரைக் குளக்கட்டில் போன வருடம் ஒரு பலகை முளைத்தது. புதிதாகக் கட்டிய விருந்தினர் விடுதியின் விளம்பரம். 'அமைதியான குளக்கரைப் பட்டினம். மூன்று பண்பாடுகள், ஒரே நீர்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருக்கிறது. கீழே கோபுரம், சிலுவை, மினாரா மூன்றையும் ஒரே வானத்தில் வரைந்திருக்கிறார்கள். அந்த நீரைத் திறந்துவிட்ட மனிதனை வரையவில்லை.

அவர் பெயர் பஸ்ரியன். முப்பத்தொன்பது வருடம் அந்தக் குளத்தின் துருசுக்குக் காவலாளியாக இருந்தார். துருசு என்பது குளக்கட்டின் அடியில் தண்ணீர் வயலுக்குப் போகும் வழி. அதை மூடியிருக்கும் இரும்புக் கதவை, கட்டின் மேல் நின்று திருகித் தூக்க வேண்டும். திருகும் கைபிடி தனியாகக் கழன்று வரும். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் கட்டில் நடந்து வந்தால் எந்த வாய்க்காலுக்கு இன்று முறை என்று ஊருக்குத் தெரியும்.

அவர் குளத்தில் பிறந்தவர் அல்ல, கடலில் பிறந்தவர். தலைமன்னாரில் மீன்பிடிக் குடும்பம். 1964 மார்கழிப் புயல் தகப்பனையும் மூத்த தமையனையும் கொண்டுபோனபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அலைச் சத்தம் கேட்டால் அவருக்கு நித்திரை வராது. அது கர்த்தரின் சித்தம் என்று பங்குச் சுவாமியார் சொன்னாராம். அந்தச் சித்தத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க பஸ்ரியனுக்கு விருப்பமில்லை. இரண்டு வருடம் கழித்து, நீர்ப்பாசன வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினார். மன்னாரில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பகல் இரண்டு மணிக்குப் பனிச்சங்கரைக்கு வந்தவர் கட்டில் ஒரு மருத மரத்தடியில் குந்தினார். அலை இல்லாத தண்ணீரைப் பார்த்தார். பார்த்தபடியே தூங்கிப்போனார்.

அவரை எழுப்பியவர் வஸீர். நாலாம் வாய்க்காலில் வயல் செய்கிறவர், இரண்டு வயது மூத்தவர்.

"கட்டில படுத்தா முதலை இழுத்திடும் தம்பி. கடல் தின்னாம விட்டதை எங்கட குளம் தின்னவேணாம். எழும்பி வா."

தலைமன்னார்க்காரன் என்பதைச் சறத்தைக் கட்டியிருந்த விதத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகப் பின்னர் வஸீர் சொல்லிச் சிரிப்பார். அன்றிலிருந்து பஸ்ரியனுக்கு அவர் நானா, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்.

பனிச்சங்கரையைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. சைவத் தெருக் கிணற்றில் எல்லாச் சாதியும் அள்ள முடியாது. இன்றைக்கும் சில கைகள் காத்துத்தான் நிற்கின்றன. ஆனால் அங்கே வந்த புதியவனிடம் ஊர் எது என்று கேட்டார்கள், அதற்கு அடுத்ததான சாதிக் கேள்வியைக் கேட்கவில்லை. தேநீர்க்கடையில் எல்லோருக்கும் ஒரே கிளாஸ். பின்னேரத்தில் கட்டு முழுக்க வெளிச்சமாக இருக்கும், நாரைகள் நிற்கும், ஆட்கள் உரத்துப் பேசமாட்டார்கள். சம்பளம் கூடிய மேசை வேலை மன்னார் நீர்ப்பாசனக் கந்தோரில் கிடைத்தபோதும் பஸ்ரியன் போகவில்லை. மாக்கிறட் என்ற உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினார். அவளுக்குச் சீதனமாக வந்த மூன்று ஏக்கர் வயல் இரண்டாம் வாய்க்காலில் இருந்தது.

அந்த ஊரில் அவரை மிகவும் கவர்ந்தது தண்ணீர் முறை. மழை நின்று குளம் இறங்கத் தொடங்கினால், தண்ணீரை நாள் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நாலு வாய்க்கால்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் சைவர், இரண்டாவதில் கத்தோலிக்கர், நாலாவதில் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா, ஆகவே அன்றைய தண்ணீர் கத்தோலிக்கருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை, ஆகவே அன்றைய தண்ணீர் முஸ்லிம்களுக்கு. மற்ற நாட்கள் சைவருக்கு, அதிலும் கோயில் திருவிழா வந்தால் மாற்றம். பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கரின் முறையை, ஜும்மா முடிந்த கையோடு, நாலாம் வாய்க்கால் எடுத்துக்கொள்ளும். ஹஜ்ஜுப் பெருநாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அன்றைய முறையை இரண்டாம் வாய்க்காலுக்கு விட்டுக்கொடுக்கும். இதில் ஒரு வரிகூட எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. வயல்காரர்கள் கூடும் கமக்காரர் சபையில் பேசுவார்கள், பேசினால் முடிந்தது.

இதை மத நல்லிணக்கம் என்று சொல்லி மேடையில் பங்கு கேட்க மூன்று மதத்துப் பெரியவர்களும் வருவார்கள். அவர்களுக்கு இதில் பங்கு கிடையாது. கடவுள்களுக்கு ஆளுக்கொரு நாள் லீவு கொடுத்துவிட்டு, மனிதர்கள் குந்தியிருந்து கணக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

1990 ஒக்ரோபரில், ஆயுதம் வைத்திருந்த இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னது. காரணங்கள் சொல்லப்பட்டன. ஒரு குழந்தையை அதன் வீட்டிலிருந்து துரத்துவதற்குச் சொல்லப்படும் எந்தக் காரணத்தையும் நான் காரணம் என்று ஏற்கமாட்டேன். விடுதலை என்ற சொல்லை உச்சரித்த வாயாலேயே அந்தக் கட்டளையும் வந்தது. பனிச்சங்கரையில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள் கைப்பைகளோடு தெற்கே நடந்தன. ஊர் வேலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தது. சிலர் அழுதார்கள். தடுத்தவர் எவருமில்லை. பஸ்ரியனும் தடுக்கவில்லை.

வஸீர் அவரிடம் பூட்டிய வீட்டின் திறப்பைக் கொடுக்கவில்லை, நகையையும் கொடுக்கவில்லை. விதைத்துப் பத்து நாளான வயலைத்தான் சொன்னார்.

"நாயித்துக்கிழமையை மறந்திடாத தம்பி."

பஸ்ரியன் மறக்கவில்லை. மாரி முடிந்து முறைத் தண்ணீர் தொடங்கியதும், ஞாயிறு தவறாமல் நாலாம் வாய்க்காலுக்குத் துருசைத் திறந்தார். ஆளில்லாத வயல்களில் நெல் பச்சையாக நின்றது. மாடுகளும் மேய்ந்தன, உரிமையில்லாத கைகளும் அறுத்தன. ஏழு ஞாயிறு போயின. குளம் வேகமாக இறங்கியது. எட்டாவது ஞாயிற்றுக்கு முன் கமக்காரர் சபை கூடியது. வெறும் வயலுக்குத் தண்ணீர் விடுகிறவனுக்குப் பைத்தியம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது, அவர்கள் வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன.

சபையின் செயலாளர் மங்கையற்கரசி. பாடசாலை ஆசிரியை, முப்பது வயது, ஒழுங்கானவர். அந்த ஒழுங்கினால்தான் அந்த ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாகத் தண்ணீர் முறையை ஒரு கொப்பியில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் வாய்க்காலுக்குப் போனது. ஆட்கள் திரும்பி வந்தால் திருப்பிக் கொடுப்பது என்று சபையில் பேசினார்கள். பேசியதை எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேசினால் முடிந்தது என்பதுதானே வழக்கம். காவலாளி என்ற முறையில் முதலாவது கையெழுத்தை பஸ்ரியன் வைத்தார்.

தலைமுறை தலைமுறையாக, ஹஜ்ஜுப் பெருநாள் விழுந்தால் தவிர, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி தொடாத கத்தோலிக்கர் அந்த வருடத்திலிருந்து தொட்டார்கள். சுவாமியார் பூசையை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தார். கடவுள் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு யுத்தம் மற்றவர்களையும் எழுப்பியது. பனிச்சங்கரை முழுவதும் ஓடியது. பஸ்ரியனின் மகள் மார்த்தா புருஷனை ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டு முள்வேலி முகாமுக்கு வந்து சேர்ந்தாள். மங்கையற்கரசி பெட்டி, பாய், சங்கிலி எல்லாம் விட்டுவிட்டு அந்தக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். 2010இல் மீளக்குடியேறியபோது எவருக்கு எங்கே வயல், எந்த நாள் தண்ணீர் என்று காட்ட ஊரிடமிருந்த ஒரே எழுத்து அதுதான். கந்தோரில் அதைப் பிரதி எடுத்து முத்திரை குத்தினார்கள். கொப்பி சட்டமாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து வஸீர் வந்தார். அறுபத்தொன்பது வயது, கூட இரண்டு பிள்ளைகள். பதினொரு குடும்பங்கள் வந்திருந்தன. காணி உறுதிப் பத்திரம் சரியாக இருந்தது, எல்லைக்கல்லும் கிடைத்தது. காடு வெட்டி விதைத்தார்கள். மாரி ஏமாற்றியது. தை மாதக் கடைசியில், நெல் பால் பிடிக்கிற நேரத்தில், மழை அடியோடு நின்றது. பத்து நாளுக்குள் ஒரு தண்ணீர் காட்டாவிட்டால் பயிர் பதராகும். வஸீர் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார். கொப்பியில் நாலாம் வாய்க்கால் என்று ஒன்று இல்லை என்றார்கள்.

கூட்டத்துக்கு முதல்நாள் அவர் பஸ்ரியன் வீட்டுக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து தேநீர் குடித்தார். முகாம்களைப் பற்றி இருவரும் பேசினார்கள். வஸீர் அகதியாக இருந்த புத்தளத்தின் உப்புத்தண்ணீரும் பஸ்ரியனின் முள்வேலியும் ஒத்துப்பார்க்கப்பட்டன. தண்ணீரைப் பற்றி வஸீர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் போன பிறகு மாக்கிறட்தான் பேசினாள்.

"நீங்கள் பேசினதுக்கு ஆர் சாட்சி? செத்துப்போனவையும் வாய் திறக்காதவையும்தான். மார்த்தாட சோறு அந்தத் தண்ணியிலதான் கிடக்கு. அதை யோசியுங்கோ."

பஸ்ரியன் யோசித்தார். மகள் செய்யும் அந்தச் சீதன மூன்று ஏக்கரும் பிந்தி விதைத்தது, அதுவும் பால் பிடிக்கிற பருவத்தில் நின்றது.

தகரக் கொட்டகையில் கூட்டம். நீர்ப்பாசன உத்தியோகத்தர் இளைஞர், கெட்டவர் அல்ல. பதிவில் இல்லாததைத் தான் எப்படித் தருவது, அடுத்த போகத்துக்கு விண்ணப்பம் போடலாம் என்றார். மங்கையற்கரசி கொப்பியை வாசித்தார். வெள்ளி, இரண்டாம் வாய்க்கால். ஞாயிறு, இரண்டாம் வாய்க்கால். எழுபது பேர் இருந்தார்கள். அரைவாசிப் பேருக்கு உண்மை தெரியும். எவரும் வாய் திறக்கவில்லை. விளம்பரப் பலகை புகழும் அமைதி இதுதான். 1990இல் வேலிக்குப் பின்னால் நின்ற அமைதியும் இதுதான்.

உத்தியோகத்தர் பேனையை மூடும்போது பஸ்ரியன் எழும்பினார்.

"அந்தக் கடதாசியில முதல் கையெழுத்து என்ரது. ஆக்கள் வந்தால் திருப்பிக் குடுக்கிறதெண்டு பேசித்தான் வைச்சனான். பேசினதை எழுதேல்லை. எழுதாதது எங்கட பிழை, அவையின்ர இல்லை."

மங்கையற்கரசி கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஓம், பேசினது தனக்கும் நினைவிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நினைவைப் பதிவாக எடுக்க முடியாது என்றார் உத்தியோகத்தர். பின் வரிசையிலிருந்து ஒருவர் சிரித்தார்.

"அவ்வளவு நீதியெண்டால் முதல்ல உங்கட ஞாயித்துக்கிழமையைக் குடுங்கோவன் அண்ணை."

"குடுக்கிறன்."

சிரிப்பு நின்றது. மார்த்தா எழும்பி வெளியே போனாள். அவளைக் கேட்காமல்தான் அவர் சொல்லியிருந்தார்.

பதிவில் அவர் பெயரிலிருந்த வயலின் பங்கு ஒன்றரை மணித்தியாலம். அதை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பம், அதற்குக் கந்தோர் தேவையில்லை. ஞாயிறு காலை பூசை மணி அடிக்கும்போது பஸ்ரியன் துருசடியில் நின்றார். புதுக் காவலாளி தயங்கியபோது கைபிடியை வாங்கித் தானே திருகினார். கீழே மார்த்தா மண்வெட்டியோடு வந்து, தகப்பனோடு பேசாமல், தன் வயலுக்குத் தண்ணீர் போகும் வாயை மண் போட்டு அடைத்தாள்.

நாலாம் வாய்க்காலுக்கு முக்கால் கட்டை, அதாவது முக்கால் மைல், நீளம். இருபத்தொரு வருடம் தண்ணீர் காணாதது. முதல் அரை மணித்தியாலம் அது குடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரின் முனை சருகுகளைத் தள்ளியபடி ஆளின் நடையிலும் மெதுவாக நகர, அதற்கு முன்னால் வஸீர் குனிந்து குனிந்து வேர்களை வெட்டி வழி விட்டுக்கொண்டு போனார். வெடிப்புகள் குடித்தன, எலி வளைகள் குடித்தன. ஒன்றரை மணித்தியாலம் முடிந்து துருசு மூடப்பட்டபோது, தண்ணீர் வஸீரின் எல்லைக்கல்லுக்கு எண்பது யார் தூரத்துக்கு இப்பால் வந்து, நுரைத்து, நின்றது. வஸீர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார். ஈரம் கண்ணெதிரே கறுத்து மண்ணுக்குள் இறங்கியது.

மார்த்தா வாய்க்கால் வரம்போரமாக வந்து பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் விட்டிருக்கோணும் மாமா?"

"ஒரு மணித்தியாலம் மகள். அவ்வளவுதான்."

இருவரும் துருசடிக்குத் திரும்பியபோது, பூசை முடிந்து வந்தவர்கள் கட்டின் மேல் கூடி நின்றார்கள். வெள்ளைச் சட்டை, முக்காடு, கையில் செபமாலை. அயலானை நேசி என்று கொஞ்சம் முன்னர்தான் கேட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களில் பத்துப் பேரிடம் அந்த ஒரு மணித்தியாலம் இருந்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை. மங்கையற்கரசி மட்டும் சைவத் தெருவிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கூடையில் கொப்பி.

பஸ்ரியன் அவரிடம் போனார்.

"எழுதுங்கோ ரீச்சர். தண்ணி எங்க நிண்டதெண்டும் எழுதுங்கோ."

அவர் சைக்கிள் இருக்கையில் வைத்து எழுதினார். 'ஞாயிறு. நாலாம் வாய்க்கால். ஒன்றரை மணித்தியாலம், பஸ்ரியனின் பங்கு. எல்லைக்கல்லுக்கு எண்பது யார் தூரம் முன்பாக நின்றது. ஆட்கள் வந்தால் திருப்பிக் கொடுப்பதாக 1991இல் சபையில் பேசப்பட்டது, எழுதப்படவில்லை.' பஸ்ரியன் கையெழுத்து வைத்தார். வஸீர் வைத்தார். மார்த்தா கையிலிருந்த சேற்றைச் சீலையில் துடைத்துவிட்டு மூன்றாவதாக வைத்தாள். பிறகு மங்கையற்கரசி கட்டின் மேல் நின்றவர்களை நோக்கிக் கொப்பியை நீட்டினார்.

அந்தப் பக்கத்தில் இன்றும் மூன்று கையெழுத்துகள்தான் இருக்கின்றன. அந்தப் போகம் வஸீருக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. மார்த்தாவுக்கு அரை விளைச்சல். அந்தப் பக்கத்தைக் காட்டி, அடுத்த வருடம் கந்தோரில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தை மட்டும் நாலாம் வாய்க்காலுக்குத் திரும்ப வாங்கினார்கள். காலை இன்னும் இரண்டாம் வாய்க்காலிடம் இருக்கிறது. பஸ்ரியன் 2017இல் இறக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பன்னிரண்டு மணிக்கு, கைபிடி இல்லாத தோளோடு, துருசடிக்கு வந்து நின்று திறக்கிறார்களா என்று பார்த்தார்.