பின்னால் வரச் சொன்ன குரல்

எனக்கும் படிப்புக்கும் இருந்த ஒரே தொடர்பு, எங்கள் ஏற்காடு மலையில் கொட்டச்சேட்டில் பள்ளிக்கூடம் கட்டியபோது கூரை ஓடு ஏற்றிக்கொண்டு போனதுதான். இறக்கும்போது பாதி ஓடுகளை உடைத்துவிட்டேன். "இந்தப் பக்கமே வராதீங்க" என்று வாத்தியார் கும்பிட்டு அனுப்பினார். எல்லாரையும் படிக்க வா என்று துரத்திப் பிடிப்பார்கள். வராதே என்று கும்பிட்டது என்னை மட்டும்தான். இதையும் நான் வாயால் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். எழுத்து நேராக இருந்தால் அது அவள், பேச்சு கோணலாக இருந்தால் அது நான்.

பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பப்போகிறவர்கள் சில பேர் என்னிடம் வந்து விசாரிப்பார்கள். எங்கள் தெருவில் முதலில் ஆஸ்டலுக்குப் போனவன் என் மகன். சாப்பாடு எப்படி, கொசு உண்டா, என்று கேட்பார்கள். "அதெல்லாம் கிடக்கட்டும், பையன் அங்க யாரை அண்ணன்னு கூப்பிடறான்னு கேளுங்க" என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். கோமாளி என்று பேர் எடுத்துவிட்டால் இதுதான் தொல்லை. ஊடு பற்றி எரிகிறது என்று கத்தினாலும் கைதட்டுவார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுவேன், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏரிக்கரையில் நின்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றுவேன். மகன் நடக்கப் பழகிய நாளிலிருந்து ஜீப்புக்குப் பின்னால்தான் நிற்பான். நான் ரிவர்ஸ் எடுத்தால், "வரலாம்... வரலாம்... ஓல்டான்!" என்று கத்துவான். ஓல்டான் என்றால் அப்படியே நிறுத்து என்று அர்த்தம். மலையில் அந்தக் குரல் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டான். கண்ணாடியில் தெரிவதெல்லாம் மேகம்தானே.

சேலத்தில் காலேஜில் சேர்ந்த முதல் வருஷம், ஆயுத பூஜை லீவுக்கு வந்தவன் கையில் இரும்பு வளையம் ஒன்று கிடந்தது.

"ஏஞ்சாமி, கையில என்ன?" என்று அவன் அம்மா கேட்டாள்.

"எங்க குடும்பத்து வளையம்மா."

"நம்ம குடும்பத்துல யாருடா வளையம் போட்டா?"

"இது ஆஸ்டல் குடும்பம். அண்ணனுங்க ஏழெட்டுப் பேரு இருக்காங்க. வளையம் மொதல்லயே குடுத்துடுவாங்க, ஆனா சேர்றதுன்னா எல்லாரையும் சேத்துக்க மாட்டாங்க."

ஒற்றைப் பிள்ளை. அண்ணன் தம்பி இல்லாத குறை தீர்ந்தது என்று எனக்கு நொம்ப சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணன்களில் மூன்று பேர் எங்கள் ஊட்டுக்கே வந்தார்கள். பெரிய மீசையும் சிவந்த கண்ணுமாக இருப்பார்கள் என்று பயந்திருந்தேன். வந்தவர்கள் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்தார்கள், சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவினார்கள். காய்ச்சல் வந்தபோது என் மகனுக்கு ராத்திரியெல்லாம் ஈரத்துணி போட்டார்களாம். நான் கூட அவனுக்கு அப்படிப் போட்டதில்லை. பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். கெட்ட பையன்கள் வந்தால் நாமே விரட்டிவிடுவோம். இவர்கள் நல்ல பையன்கள்.

மார்கழி மாசம் ஒரு நாள், மத்தியானம். ஏரிக்கரையில் ஜீப்போடு நின்றிருந்தேன். சேலம் பஸ்ஸிலிருந்து அந்த மூன்று அண்ணன்களும் இறங்கினார்கள். பின்னால் தலையைக் குனிந்தபடி நாலு பையன்கள். அதில் ஒருவன் என் மகன்.

"ஏஞ்சாமி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கே?"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றான் மூத்த அண்ணன். "இன்னிக்கு இவங்க நாலு பேருக்கும் பேரு கிடையாது, ஊடு கிடையாது. சாயங்காலம் குடும்பத்துல சேந்ததுக்கப்புறம் பேசுவாங்க. சும்மா ஒரு வெளையாட்டுங்க."

"வெளையாட்டா? நானே ஊருக்கெல்லாம் வெளையாட்டுக் காட்டறவன், எனக்கேவா?" என்று சிரித்தேன். அவர்களும் சிரித்துக்கொண்டே, ஏழு பேருமாக ஜீப்பில் ஏறினார்கள். பின்சீட்டில் நாலு பேரும் சிரிக்கவில்லை. தலைச்சோலை ரோட்டில் போகும்போது கண்ணாடியில் மகனைப் பார்த்து நாக்கை நீட்டினேன், கண்ணை உருட்டினேன். சின்ன வயசில் இதற்கு உருண்டு உருண்டு சிரிப்பான். அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கண்ணாடியில் அசைந்தது என் நாக்கு மட்டும்தான். எனக்கே அது யாருடைய நாக்கோ மாதிரி இருந்தது.

ஆள் போகாத ஒரு பழைய காப்பித் தோட்டத்துப் பக்கம் நிறுத்தச் சொன்னார்கள். ரோட்டுக்கு மேல்பக்கம் காப்பிச் செடி, நடுவே உயரமான சில்வர் ஓக் மரங்கள். கீழ்ப்பக்கம் பள்ளம். நாலு பேர் கண்ணிலும் கறுப்புத் துணி கட்டி, ஆளுக்கொரு திசையாகத் தோட்டத்துக்குள் நடத்திப்போய் நிறுத்திவிட்டு வந்தார்கள்.

"எவ்வளவு நேரம் நிக்கோணும்?"

"நாங்க போய்த் தோளைத் தொடற வரைக்கும். யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது."

"பெத்தவங்க கூப்பிட்டாக்கூடவா?"

"அதுதானுங்க பரீட்சையே."

அந்தப் பையன் அதைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு பணிவாகச் சொன்னான்.

அண்ணன்கள் பழைய ஷெட்டில் போய் உட்கார்ந்தார்கள். நான் ஒரு பீடி பற்ற வைத்தேன். அது முடிவதற்குள் மேகம் இறங்கிவிட்டது. முதலில் மரத்தின் உச்சி போயிற்று, அப்புறம் மரமே போயிற்று. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும், யாரோ மெல்ல நடப்பது போலக் கேட்டது.

அண்ணன்கள் பயந்துபோய்த் தோட்டத்துக்குள் ஓடினார்கள். மூன்று பேரைத் தடவித் தடவிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். என் மகன் விட்ட இடத்தில் இல்லை.

"முடிஞ்சுதுடா! வெளையாட்டெல்லாம் முடிஞ்சுது, வாடா!" என்று அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அவன் எப்படி வருவான்? பேர் சொன்னால் பேசாதே என்று கற்றுக்கொடுத்ததே அவர்கள்தானே. மூத்த அண்ணன் அழுதுவிட்டான்.

"நீங்க ஷெட்டுலயே இருங்க சாமி. ஆளாளுக்குப் போனா இன்னொண்ணு தொலையும்" என்று சொல்லிவிட்டு நான் கூப்பிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. மேகத்துக்குள் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்றாம் தடவைக்குத்தான் பதில் கொடுப்போம். மனுஷனில்லாதது இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். என் மகனுக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். அதனால் நிதானமாக, இடைவெளி விட்டுக் கூப்பிட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதில் இல்லை.

மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அங்கே ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். தடுமாறிக் கீழ்ப்பக்கம் இறங்கிவிட்டான் என்று முடிவு பண்ணினேன். வண்டியைத் திருப்பிக் கீழ் ரோடு வழியாகப் பள்ளத்துக்குப் போகலாம் என்று ஓடி வந்து ஏறினேன். ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடி வெள்ளையாக இருந்தது.

"வரலாம்..."

பின்னாலிருந்து வந்தது குரல்.

"வரலாம்... வரலாம்..."

என் உசுரு திரும்பி வந்தது. "சாமி!" என்று கத்தியபடி கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் போயிற்று. அவசரமில்லாத குரல். எத்தனையோ வருஷமாகக் கேட்ட அதே இழுப்பு.

"வரலாம்... வரலாம்..."

"ஓல்டான்! அப்பா, ஓல்டான்!"

இது பின்னாலிருந்து வரவில்லை. என் தலைக்கு மேலே, தோட்டத்திலிருந்து வந்தது. கதறல். பிரேக்கை மிதித்தேன். கல் சரிந்து விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் பாதிக்கு அடியில் தரை இல்லை.

மேல்பக்கம், நான் நின்று கூப்பிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கண்ணில் கறுப்புத் துணி அப்படியே இருந்தது. உதட்டில் ரத்தம். நான் கூப்பிட்ட மூன்று தடவையும் பல்லால் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

துணியை அவிழ்த்தேன். "கண்ணைக் கட்டிக்கிட்டு எப்படிரா சொன்னே?"

"ரிவர்ஸ் கியர் சத்தம் கேட்டுச்சு. கல்லு உருண்டுச்சு. அந்தப் பக்கம் பள்ளம்னு எனக்குத் தெரியாதுங்களாப்பா?"

"அப்புறம் எதுக்குடா வரலாம் வரலாம்னே?"

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "நான் வரலாம்னு சொல்லலீங்கப்பா. ஓல்டான்னு மட்டுந்தான் சொன்னேன்."

அண்ணன்கள் ஷெட்டிலிருந்து ஓடி வந்தார்கள். அவர்களைக் கேட்டேன், மற்ற மூன்று பையன்களையும் கேட்டேன். ஒருத்தரும் ஷெட்டை விட்டு நகரவில்லை என்று சத்தியம் பண்ணினார்கள். பின்னால் நின்று சொல்ல அங்கே இடமும் இல்லை. பின்னால் இருந்தது பள்ளம்தான்.

மூத்த அண்ணன் என் மகனின் தோளில் கை வைத்தான். "நீ பேசிட்டே. பரவால்லடா. உன்னைச் சேத்துக்கறோம்."

மகன் அந்தக் கையை எடுத்துவிட்டான். வளையத்தைக் கழற்றி அதே கையில் கொடுத்தான். திரும்பும்போது முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏரிக்கரை வந்து சேரும் வரை என் சட்டை நுனியை விடவில்லை. நானும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

படிப்பு முடியும் வரை அந்தக் குடும்பம் அவனோடு பேசவில்லை. மெஸ்ஸில் அவன் வந்து உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்களாம், அதுவும் மரியாதையாக. தனியாகவே சாப்பிட்டுத் தனியாகவே படித்துப் பாஸ் பண்ணினான். நடுவில் ஒரு தடவை, இன்னொரு காலேஜ் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, "வேண்டாங்கப்பா, பேரு சொல்லிக் கூப்பிட்டா இப்ப நான் பேசறேன், அது போதும்" என்றான்.

அந்த ஜீப் இன்னும் ஓடுகிறது, என்னைப் போலவே முக்கி முனகி. நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் மகன் வந்து பின்னால் நிற்பான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். ஜீப்பின் உடம்பைக் கையால் தட்டிக்கொண்டே வருவான். தட்டும் சத்தம் கேட்கும் வரை நான் வண்டியை எடுப்பேன்.

குரல் கேட்டால் எடுக்க மாட்டேன்.