பால் பவுடர் டப்பா இதழ்களும் ஒரு மங்கள வார்த்தையும்

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தைக்கு மூச்சிரைப்பு, இப்போதுதான் கண்ணயர்ந்தாள். தட்டாஞ்சாவடி கம்பெனியில் அந்துவான் அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும், கோயில் பாடகர் குழுவில் அவரோடு பாடியவர்களுக்கும் எழுதுகிறேன். தெரேஸ் அண்ணி திங்கட்கிழமை மகளோடு பிரான்ஸுக்குப் போகிறார். அதற்குள் அண்ணன் அவருக்குக் கொடுத்த வாக்கு ஒன்றை முடிக்க வேண்டும்.

செய்தி வந்தபோது பாப்பாவுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தேன். கம்பெனி ஸ்டோரிலிருந்து பஷீர் பாய் போனில் கூப்பிட்டார். "அந்துவான் அண்ணன் போயிட்டாரும்மா. தூக்கத்துலயே. இருதயமாம்." கையில் பால் பவுடர் டப்பா இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். அதேபோன்ற டப்பாவின் தகரத்தைத்தான் அண்ணனும் நானும் ஒரு லென்ஸுக்குள் வைத்திருந்தோம்.

அண்ணியின் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் விட்டுப்போனது ஒரு பெரிய மரக் கேமராவும் அதன் பித்தளை லென்ஸும். உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற மெல்லிய இதழ்கள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. கேமராவில் பொருத்துகிற வளையத்தைக் காணவேயில்லை. அப்பாவின் அந்தக் கேமரா முன்னால் தான் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை என்பது அண்ணியின் மனக்குறை. அதில் உன்னை ஒரு படம் எடுக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அவருக்குக் கைவேலை வராது என்பது உங்களுக்கே தெரியும். பர்ச்சேஸ் பில்லில் கையெழுத்துப் போட்டே பழகிய கை. சாரத்தில் இருக்கிற அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தகரம் வெட்ட உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது ஒரு விரலிலாவது பிளாஸ்திரி இருக்கும். பாப்பாவின் காலி டப்பா இதழானது. தண்ணீர்க் குழாய் மூடியை அறுத்து வளையம் செய்தோம். லென்ஸ் மூடிக்கு உள்துணி, அண்ணியின் வெல்வெட் ரவிக்கை.

"கேக்காமயே வெட்டிட்டாரு, பாரேன்!" என்றார் அண்ணி என்னிடம்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?" என்றார் அண்ணன்.

அந்த லென்ஸில் ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, நேரம் கணக்கிட்டு, திரும்ப மூட வேண்டும். நேரத்தைப் போனில் பார்க்கலாமே என்றேன். "போனைப் பாத்துகிட்டிருந்தா எதிர்ல இருக்கற முகத்தை யாரு பாக்கறது?" என்றார். மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை செபம் ஒன்றை அவர் முணுமுணுத்து முடிக்கும் நேரம், அதுதான் எங்கள் கணக்கு. முதலில், போன கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால், வாசலில் கிடந்த பிரம்பு நாற்காலியைப் படம் எடுத்துப் பார்த்தோம். பின்னல் பின்னலாகத் தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்து அண்ணி உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போய் விழுந்தது. அடுத்த வாரம் இன்னும் வெளிறியது. வெளிச்சம் அதிகமாகப் புகுந்திருக்கிறது.

"என்னா, எங்க அப்பா லென்ஸ்ல எனக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீங்களா?"

"இதழ்தான் கசியுது," என்றார் அண்ணன். பிரித்தோம். வேறு டப்பா தேடி மறுபடி வெட்டிக் கறுப்புச் சாயம் பூசினோம். அப்படியும் வெளிறல் போகவில்லை. கடைசி முறை செபம் முடிய வெகு நேரமானது. மூடி விழும்வரை அசையாமல் இருந்துவிட்டு அண்ணி சொன்னார்: "பூசையில இவ்ளோ நிதானமா சொல்லியிருந்தா உங்களுக்கு இந்நேரம் சிலையே வெச்சிருப்பாங்க." எல்லோரும் சிரித்தோம். "தூஸ்மா, தூஸ்மா," என்றார் அண்ணனும் சிரித்தபடி. மெதுவாக என்பதற்கு அவர் வாயில் எப்போதும் வரும் பிரெஞ்சு அது.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணி லென்ஸை என்னிடம் கொடுத்தார். "அவரு முடிக்காததை நீயாவது முடிச்சுடும்மா."

பாப்பாவின் மூச்சை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சற்றுமுன் அவள் மார்பில் கை வைத்து எண்ணிக்கொண்டிருந்தபோது, கடைசியாகப் படமெடுத்த அன்று நான் பிடித்த வீடியோ ஞாபகம் வந்தது. போட்டுப் பார்த்தேன். அண்ணனின் உதடு அசைகிறது. நிற்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். மறுபடி அசைகிறது.

உடனே விளக்கை அணைத்து லென்ஸுக்குள் டார்ச் அடித்தேன். நடு ஓட்டையைத் தவிர ஒரு பொட்டு வெளிச்சம் எங்கும் கசியவில்லை. இதழ்களில் குறையில்லை. செபம்தான் நீண்டுகொண்டே போயிருக்கிறது. அவர் மூச்சு வாங்கியது வாராவாரம் படத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் தகரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். இதழ் கசிகிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். தெரிந்துதான் சொன்னாரா? அண்ணி இதைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? தயவுசெய்து இப்போதைக்கு இதைப் பற்றி அவரிடம் யாரும் பேச வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணி உட்காரப்போகிறார். இதுவரை எடுத்துவந்த பிலிம் பெட்டியில் இரண்டுதான் மீதி. நாற்காலியைப் படம் எடுத்த நாளில் அவர் செபம் சொன்ன வேகம் எனக்குத் தெரிய வேண்டும்.

லென்ஸ் அண்ணியோடு போய்விடும். நாங்கள் கழித்துப் போட்ட முதல் இதழ்களை நான் வைத்துக்கொள்கிறேன். தப்பே செய்யாமல் பழி சுமந்தவை. ஒன்றில் சாயம் உரிந்து டப்பாவின் மஞ்சள் தெரிகிறது.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணன் செபமாலை சொன்ன ஆடியோவோ வீடியோவோ உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? ஒரே ஒரு மங்கள வார்த்தை முழுதாக இருந்தால் போதும். சனிக்கிழமைக்குள் பதில் போடுங்கள்.