பன்னிரண்டும் அறுபத்திரண்டும்

மில்பிடாஸில் எங்கள் அலுவலக மாடிக்கு இருபத்திரண்டு படிகள். அவற்றில் பதினோரு ஆண்டுகள் ஏறி இறங்கினேன். செயற்கைக்கோள் படங்களில் இருப்பதை எண்ணுவது என் வேலை. முதலில் கடைவாசல்களில் நிற்கும் கார்களை எண்ணினேன். எந்தக் கடையில் வியாபாரம் நடக்கிறது என்று அறியக் காசு கொடுக்கவும் ஆள் இருந்தார்கள். பிறகு அரசாங்க ஒப்பந்தம் வந்தது. கார்கள் போய் ஏவுகணை வண்டிகள் வந்தன. எந்த நாட்டு வண்டிகள் என்று எழுதமாட்டேன். அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போட்டி நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தில் ஒரு முகாம், அதில் முப்பத்தொரு கொட்டகைகள். உள்ளே இருப்பது மேலிருந்து தெரியாது. ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டாமலே வைத்திருந்தால் கெட்டுப்போகும். அவ்வப்போது வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் மணலில் சக்கரத் தடம் விழும். ஐந்து மாதப் படங்களைப் பார்த்தேன். பன்னிரண்டு கதவுகளுக்கு முன்னால்தான் தடம் இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரே வண்டியுடையது. ஆகவே பன்னிரண்டு வண்டிகள் என்று எழுதினேன்.

அரசாங்கத்திலேயே இன்னொரு அலுவலகம் அறுபத்திரண்டு என்று எழுதியது. நெருக்கி நிறுத்தினால் ஒரு கொட்டகையில் இரண்டு நிற்குமாம். முப்பத்தொன்றை இரண்டால் பெருக்கிவிட்டார்கள். அவர்கள் எண்ணியது கூரைகளை.

ராணுவச் செலவுக்கு ஒப்புதல் தரும் மக்கள் பிரதிநிதிகள் குழு ஒன்று, ஏன் இரண்டு எண்கள் என்று விளக்கக் கூப்பிட்டது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் அறிக்கையில் என் பன்னிரண்டு ஏற வேண்டும்.

என்னுடன் வாஷிங்டனுக்கு வந்தவர் என் மேலதிகாரி. என்னைவிட இருபத்தாறு வயது இளையவர். அவருடைய அப்பா தி.நகரில் புடவைக் கடை வைத்திருந்தவர். விமானத்தில் கடலை பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"அங்கிள், அவங்களுக்கு மணலும் தெரியாது, தடமும் தெரியாது. நடுவுல ஒரு நம்பரை எடுத்துப்பாங்க. அதனாலதான் அந்தப் பக்கம் அறுபத்திரண்டுல ஆரம்பிச்சிருக்கான். நீங்க சைபர் சொல்லுங்க."

"பன்னிரண்டு இருக்கேப்பா."

"இருக்கட்டுமே. பேரம்னா கீழேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?"

காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "சைபர் சொன்னா நடுவுல முப்பத்தொன்னு வரும். பன்னிரண்டு வரணும்னா நான் மைனஸ் முப்பத்தெட்டு சொல்லணும்."

"அதையும் சொல்லுங்க. ஒருத்தனும் செக் பண்ணமாட்டான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறையில் பதினான்கு நாற்காலிகள். ஒன்பதில்தான் ஆள் இருந்தார்கள். அதில் இருவர் கைப்பேசியை விட்டு நிமிரவில்லை. படங்களைக் காட்டினேன், தடங்களைக் காட்டினேன். ஓர் அம்மாள் மட்டும் முன்னால் சாய்ந்து கேட்டார், "எத்தனை தடவை எண்ணினீர்கள்?" பதினோரு ஆண்டுகளில் என்னை யாரும் கேட்காத நல்ல கேள்வி. மனம் குளிர்ந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

"பதினேழு தடவை."

"ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டா?"

"பதினாறு தடவை பன்னிரண்டு. ஒரு தடவை பதின்மூன்று. அது ஒரு தார்ப்பாயின் நிழல் என்று பிறகு தெரிந்தது."

யாரோ சிரித்தார்கள். "அப்படியானால் உங்களுக்கே நிச்சயமில்லை" என்றார் குழுத் தலைவர். மற்ற அலுவலகத்துக்காரரிடம் திரும்பி, "உங்களுக்கு?" என்றார்.

"சந்தேகமே இல்லை" என்றார் அவர். ஒரே ஒரு தடவை பெருக்கியவருக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

தலைவர் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் படித்துவிட்டேன். எழுபத்துநான்கு, கீழே ஒரு கோடு, முப்பத்தேழு. அத்தோடு கூட்டம் முடிந்தது. நான் பேசியது ஒன்பது நிமிடம்.

வெளியே வந்ததும் மேலதிகாரி கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "பதின்மூணைப் பத்தி யாரு அங்கிள் உங்ககிட்ட கேட்டா?"

"அந்தம்மா கேட்டாங்களே."

"அவங்க கேப்பாங்க. நீங்க ஏன் சொல்றீங்க?"

அறிக்கையில் முப்பத்தேழு ஏறியது. அதை யாரும் எந்தப் படத்திலும் எண்ணவில்லை. அடுத்த ஆண்டு மற்ற அலுவலகம், "குறைந்தது முப்பத்தேழு" என்று எழுதத் தொடங்கியது. எங்கள் அலுவலகமும் இனி அந்த எண்ணையே எழுத வேண்டும் என்றார்கள். மேலதிகாரி முப்பத்தேழு என்று எழுதிய எங்கள் அறிக்கைத் தாளை என் கையெழுத்துக்காக மேஜையில் வைத்தார். அவர் குரலில் கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போட்டுடுங்க அங்கிள். இல்லேன்னா கான்ட்ராக்டே போயிடும்."

அப்போது என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். மருத்துவ இன்சூரன்ஸ் என் வேலையோடு சேர்ந்தது; வேலை போனால் அதுவும் போகும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் கணக்கில் ஒன்று குறையும்.

"கீழே ஒரு அடிக்குறிப்பு போடுங்க. தடங்களை எண்ணினால் பன்னிரண்டுதான்னு. ஒரே வரி. அப்போ போடறேன்."

"அவ்வளவுதானே? தாராளமா" என்றார். முப்பத்தேழுக்குத் தலையில் ஒரு நட்சத்திரக் குறி வைத்து, பக்கத்தின் அடியில் என் வரியைத் தட்டச்சு செய்தார். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அச்சான பிரதி ஆறு வாரம் கழித்து வந்தது. முப்பத்தேழின் தலையில் நட்சத்திரம் இருந்தது. பக்கத்தின் அடியில் ஒன்றும் இல்லை. அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் புரட்டினேன், இரண்டு தடவை. மேலதிகாரியிடம் காட்டினேன். இடம் போதவில்லை என்று மேலிடத்தில் எடுத்துவிட்டார்களாம்.

"நட்சத்திரத்தை மட்டும் ஏன் விட்டாங்க?"

"கவனிச்சிருக்கமாட்டாங்க அங்கிள்."

இப்போது பிரிட்ஜ்வாட்டரில் மகள் வீட்டில் இருக்கிறோம். மனைவி நன்றாக நடக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் புது அறிக்கை வரும்போது எடுத்துப் பார்க்கிறேன். எண் ஏறிக்கொண்டே போகிறது. நட்சத்திரத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை. என் கையெழுத்து இருக்கும் அந்த முதல் பிரதியில் அடியில் இரண்டு விரற்கடை வெள்ளை இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன். என் வரி அதில் தாராளமாக அடங்கும்.